மருத்துவ எச்சரிக்கைக் காப்பு: தட்டில் என்ன பொறிப்பது, எங்கே அணிவது?

மலர்விழி_செங்காங்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு லூப்பஸ் நோய், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். பல ஆண்டுகளாகப் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வருவதால், அட்ரீனல் சுரப்பிகள் தாமாகக் கார்ட்டிசால் ஹார்மோனைச் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டன என்று மருத்துவர் சொல்லிவிட்டார். காய்ச்சல் வந்தால் மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டும். வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மயங்கி விழுந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டாக வேண்டும். மயங்கிக் கிடக்கும்போது நானே இதைச் சொல்ல முடியாதே! அதனால்தான் மருத்துவ எச்சரிக்கைக் காப்பு ஒன்றை அணியச் சொல்கிறார்.

அம்மாவுக்கு இதில் சம்மதமில்லை. வீட்டில் எனக்கு வரன் பார்க்கிறார்கள். "நோயைக் கையில் எழுதி மாட்டிக்கொண்டு கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் போனால் நாலு பேர் என்ன பேசுவார்கள்?" என்கிறார். அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. நம் சமூகத்தில் அப்படிப் பேசுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

கைத்தொலைபேசியில் விவரத்தைப் பதிந்து வைத்தால் போதாதா? காப்புதான் வேண்டுமென்றால் அந்தச் சின்னத் தட்டில் எதை எழுதுவது, எதை விடுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜூரோங்_கணேசன்

தங்கை, என் கருத்தைச் சொல்கிறேன். இன்றைய கைத்தொலைபேசிகளில் பூட்டைத் திறக்காமலே மருத்துவ விவரத்தைப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஐஃபோனில் 2014லிருந்தே இருக்கிறது. அதோடு, சிங்கப்பூரில் 2011இல் தொடங்கிய தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவில் நம் மருந்துகளும் ஒவ்வாமைகளும் ஏறிவிடுகின்றன. அடையாள அட்டை எண்ணைத் தட்டினால் எந்த அரசாங்க மருத்துவமனையிலும் மருத்துவர் பார்த்துவிடலாம். இவ்வளவு சிறிய ஊரில், 995ஐ அழைத்தால் சில நிமிடங்களில் ஆம்புலன்ஸ் வந்துவிடும் ஊரில், உலோகத் தட்டு இன்னும் அவசியமா என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். அம்மாவின் மனத்தையும் நோகடிக்காமல் முடியும் வழி இது.

பத்மா_ஓய்வுபெற்ற_தாதி

மலர்விழி, உனக்கு என் மகள் வயதுதான் இருக்கும் என்று நினைத்து உரிமையோடு எழுதுகிறேன். அவசர சிகிச்சைப் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்தவள் நான்.

கணேசன் தம்பி சொன்ன இரண்டும் நல்ல வசதிகள்தாம், இரண்டையும் செய்து வை. ஆனால் அவை எப்போது பயன்படும் என்று பார். மின்னியல் பதிவைத் திறக்க நீ யார் என்று முதலில் தெரிய வேண்டும். கைப்பை பேருந்திலேயே போய்விட்டால், ஓடும்போது விழுந்துவிட்டால், நீச்சல் குளத்திலிருந்து தூக்கி வந்தால், நீ பெயர் தெரியாத ஒரு பெண். பெயர் தெரியாதவருக்குப் பதிவு கிடையாது. தனியார் கிளினிக்குகள் பல நெடுங்காலம் அந்தப் பதிவில் சேராமலே இருந்தன என்பதையும் நினைவில் வை. தொலைபேசியோ விழுந்த வேகத்தில் உடைந்திருக்கும், பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது பத்திரமாக இருக்கட்டும் என்று உதவ வந்த ஒருவர் வாங்கி வைத்திருப்பார். மணிக்கட்டு உன்னைவிட்டு எங்கும் போகாது. நாடி பார்க்க வருபவரின் விரல் முதலில் தொடும் இடமும் அதுதான்.

இனித் தட்டில் என்ன எழுதுவது என்பது. பலர் தங்கள் நோய்ப் பட்டியல் முழுவதையும் பொறிக்கப் பார்க்கிறார்கள். இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், முழங்கால் தேய்மானம் என்று நீளும். அதனால் பயனில்லை. ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்: இதைப் படிப்பவர் அடுத்த பத்து நிமிடங்களில் செய்யப்போவதை இந்த வரி மாற்றுமா? மாற்றினால் எழுது, இல்லையென்றால் விட்டுவிடு. கொலஸ்ட்ரால் எதையும் மாற்றாது. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்பது மாற்றும், ஏனென்றால் தலையில் சின்ன அடிதான் என்றாலும் உள்ளே இரத்தக் கசிவு இருக்குமோ என்று ஸ்கேன் எடுப்போம். பக்கவாதம் என்று வந்தால் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுக்கலாமா கூடாதா என்பதே அந்த ஒரு சொல்லில் தொங்கும்.

உன் விஷயத்தில் லூப்பஸ் என்ற சொல்லே தட்டில் வேண்டியதில்லை. அட்ரீனல் குறைபாடு, ஸ்டீராய்டை நம்பி இருப்பவர், ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி தேவை என்பவைதான் வேண்டும். இரத்த அழுத்தம் இறங்கி, வாந்தியோடு, அரைமயக்கத்தில் வருகிற இளம்பெண்ணைப் பார்த்தால் முதலில் வயிற்றுக் கோளாறு என்றோ கிருமித் தொற்று என்றோதான் தோன்றும். சலைன் ஏற்றுவோம். ஆனால் கார்ட்டிசால் இல்லாத உடம்பில் சலைன் மட்டும் போதாது. அந்த ஊசி தாமதமானால் உயிருக்கே ஆபத்து. ஆகவே நோயின் பெயரை மட்டும் பொறித்து நிறுத்திவிடாமல் மருந்தையும் அளவையும் பொறித்துவிடு.

மூட்டுவலிக்கென்று இணையத்திலும் அக்கம்பக்கத்திலும் விற்கும் மாத்திரைகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. அவற்றை மாதக்கணக்கில் விழுங்கிவிட்டுத் திடீரென்று நிறுத்துகிறவர்களுக்கும் இதே நிலை வரலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்து வையுங்கள்.

தோ_பாயோ_முருகையா

பத்மா அம்மா சொல்வது சரி. நான் டயாலிசிஸ் செய்துகொள்கிறவன். என் தட்டில் இருப்பது ஒரே வரி: இடது கையில் ஊசி வேண்டாம், இரத்த அழுத்தம் பார்க்க வேண்டாம். அந்தக் கையில்தான் நாளத்தையும் தமனியையும் இணைத்து ஃபிஸ்டுலா வைத்திருக்கிறார்கள். அது அடைத்துக்கொண்டால் மறுபடி அறுவை சிகிச்சை, மறுபடி பல வாரம் காத்திருப்பு. காப்பை வலது கையில் போட்டிருக்கிறேன். ஃபிஸ்டுலா உள்ள கையில் கைக்கடிகாரமோ காப்போ இறுக்கமாக எதுவும் இருக்கக் கூடாது. புதிதாக டயாலிசிஸ் தொடங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

பிடோக்_சாவித்திரி

என் தம்பிக்கு வலிப்பு நோய். அவன் காப்பைப் படிக்க வேண்டியது மருத்துவர் அல்ல, பக்கத்தில் நிற்கிறவர்கள்தாம். இதை யாரும் சொல்லவில்லையே என்றுதான் எழுதுகிறேன்.

வலிப்பு வந்தால் நம்மவர்கள் செய்வது எல்லோருக்கும் தெரியும். சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். இரும்பு எங்கே என்று தேடுவார்கள். கரண்டியை வாயில் நுழைப்பார்கள். நாலு பேர் கைகால்களை அழுத்திப் பிடிப்பார்கள். அன்பால்தான் செய்கிறார்கள், ஆனால் பல் உடையும், தோள் மூட்டு நழுவும், மூச்சு அடைக்கும். ஒரு திருமண மண்டபத்தில் இதை என் கண்ணால் பார்த்தேன். அவன் நினைவு திரும்பியபோது உதடெல்லாம் இரத்தம்.

இரும்பால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும், அந்த நேரத்தில் கையில் சாவி இருந்ததால் சாவிக்குப் பெயர் கிடைத்துவிட்டது. செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள், கூர்மையான பொருள்களை விலக்குங்கள், நேரத்தைப் பாருங்கள், துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ அடுத்தடுத்து வந்தாலோ 995.

ஆகவே தம்பியின் தட்டில் முன்பக்கம் 'வலிப்பு நோய்', அதன் கீழே 'வாயில் எதையும் வைக்காதீர்', பின்பக்கம் 'ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் 995' என்றும் என் தொலைபேசி எண்ணும். எல்லாம் ஆங்கிலத்தில்தான். பக்கத்தில் யார் நிற்பார்கள் என்று சொல்ல முடியாத ஊர் இது.

உட்லண்ட்ஸ்_அறிவு

ஒரு குறுக்குக் கேள்வி. எனக்குப் பெனிசிலின் ஒவ்வாமை என்று சிறுவயதில் சொன்னார்கள். உடம்பில் தடிப்பு வந்ததாம். அதைப் பொறித்துக்கொள்ளலாமா?

பத்மா_ஓய்வுபெற்ற_தாதி

அறிவு தம்பி, பொறிப்பதற்கு முன்னால் ஒவ்வாமை மருத்துவரிடம் ஒருமுறை பரிசோதித்துக்கொள். பெனிசிலின் ஒவ்வாமை என்று பதிவாகியிருப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அது உண்மையில் இல்லை என்று பரிசோதனையில் தெரியவரும். அந்த வயதில் வந்த தடிப்பு கிருமியால் வந்ததாகவும் இருக்கலாம். தவறான எச்சரிக்கையை மாட்டிக்கொண்டால், நாளை பெரிய கிருமித் தொற்று வரும்போது நல்ல மருந்து ஒன்று உனக்குக் கிடைக்காமல் போகும். உறுதியானால் கட்டாயம் பொறித்துக்கொள்.

பொங்கோல்_தந்தை

என் மகனுக்கு ஜி6பிடி குறைபாடு, சில பொருள்கள் பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும் பிறவிக் குறைபாடு. 1965லிருந்தே இங்கே பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் அந்தப் பரிசோதனையைச் செய்கிறார்கள். அதனால்தான் பிறந்த உடனே தெரிந்தது. பாலர் பள்ளியில் சேர்த்தபோது அவனுக்கும் சிலிக்கான் பட்டை ஒன்று வாங்கினேன். அவனுடைய பாட்டி வீட்டு அலமாரியில் புடவைகளுக்கு நடுவே பாச்சை உருண்டை போட்டு வைப்பார். அந்த நாப்தலின் பட்டால் அவன் உடம்பில் சிவப்பணுக்கள் உடையும். பட்டையைப் பார்த்த பிறகு பாட்டி தாமாகவே எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். நான் வாயால் பலமுறை சொன்னது பலிக்கவில்லை, எழுத்து பலித்தது.

ஜூரோங்_கணேசன்

பத்மா அக்கா சொன்னதைப் படித்தேன். பெயர் தெரியாவிட்டால் பதிவு திறக்காது என்பது முக்கியமான புள்ளி. அப்படியென்றால் தட்டில் அடையாள அட்டை எண்ணைப் பொறித்துவிடலாமே? அது ஒன்று போதும், மீதி எல்லாம் கணினியில் வந்துவிடும்.

அங்_மோ_கியோ_நளினி

கணேசன் அண்ணா, அடையாள அட்டை எண்ணை வேண்டவே வேண்டாம் என்பேன். 2019 செப்டம்பரிலிருந்து கடைகளும் நிறுவனங்களும் சட்டப்படி தேவையில்லாமல் அந்த எண்ணைக் கேட்கவே கூடாது என்று விதி வந்துவிட்டது. அப்படி இருக்க, எம்ஆர்டி ரயிலில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது எதிரில் இருப்பவர் படிக்கும்படி முழு எண்ணையும் மாட்டிக்கொண்டு போவது சரியில்லை. காப்பு தொலைந்தால் பெயர், எண், தொலைபேசி மூன்றும் சேர்ந்து போகும்.

பத்மா_ஓய்வுபெற்ற_தாதி

இதில் நான் கணேசன் தம்பி பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். நினைவில்லாமல் கிடக்கும் ஒருவரின் எண் கிடைத்தால் எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி! தோலை ஒட்டிய பின்பக்கத்தில் பொறித்தால் யாரும் போகிறபோக்கில் படிக்க முடியாது. ஆனாலும் நளினி சொல்வது வீண் பயமில்லை. எண் வேண்டாம் என்றால் முழுப் பெயரும் எப்போதும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். அவரவர் நோயையும் வாழ்க்கையையும் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது இது.

சிராங்கூன்_சாலை_நகைத்தொழிலாளி

அப்பா காலத்திலிருந்து தேக்காவில் நகைத்தொழில். இந்தக் காப்புகளுக்கு எழுத்து வெட்டித் தரச் சொல்லி அவ்வப்போது ஆள்கள் வருகிறார்கள். சில விஷயங்கள் சொல்கிறேன்.

அன்றாடம் போட 916 தங்கத்தில் செய்யாதீர்கள். தங்கம் மென்மையானது, பாத்திரம் கழுவிக் கழுவி எழுத்து மழுங்கிவிடும். 316எல் எவர்சில்வர் போதும், விலையும் குறைவு. அதிலும் கொஞ்சம் நிக்கல் உண்டு. கவரிங் போட்டால் அரிக்கிறது என்பவர்கள் டைட்டேனியம் வாங்குங்கள். முலாம் பூசிய தட்டில் எழுத்து வெட்டினால் ஓரத்தில் முலாம் உரியத் தொடங்கும். எழுத்தை மேலோட்டமாகக் கீறாமல் ஆழமாக வெட்டிக் கறுப்பு ஏற்றச் சொல்லுங்கள். வயதானவர்கள் மங்கிய விளக்கில் படிக்கும் அளவு எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். வரியைக் குறைத்தால்தான் எழுத்தைப் பெரிதாக்க முடியும்.

பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விசேஷத்துக்கு இரண்டு கையிலும் வளையல் அடுக்கினால் இந்தக் காப்பு அதற்குள் மறைந்துபோகும். பார்ப்பவர் அதையும் வளையல் என்றே நினைப்பார். ஒரு கையில் வளையல், மறு கையில் இது மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுத்துச் சங்கிலியில் டாலராக மாட்டலாமா என்று கேட்கிறார்கள். தாலி, செயின், முருகன் டாலர் என்று ஏற்கெனவே கழுத்தில் இருப்பவற்றோடு இன்னொன்றாகத் தொங்கினால் சாமி டாலர் என்று விட்டுவிடுவார்கள். ஆறு கைகள் கொண்ட நட்சத்திரம், நடுவே கோலைச் சுற்றிய பாம்பு, அந்த அடையாளம் வெளியே பார்த்தபடி பெரிதாக இருந்தால்தான் ஆம்புலன்ஸில் வருகிறவர் திருப்பிப் பார்ப்பார். அழகுக்காக அதைச் சின்னதாக்கிப் பூ வேலைப்பாட்டுக்குள் ஒளிக்கச் சொல்லும்போது நான் மறுத்துவிடுகிறேன்.

துவாஸ்_பாதுகாப்பு_மேற்பார்வையாளர்

கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் நம் தமிழ்நாட்டுத் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். உலோகக் காப்பு, மோதிரம் எதுவும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஆகாது. மாட்டிக்கொண்டால் விரலை, சில வேளை கையையே இழுத்துவிடும். மின்வேலை செய்பவர்களுக்கு இன்னும் ஆபத்து. அவர்கள் தலைக்கவசத்தின் உள்பக்கம் ஒட்டுத்தாள் ஒட்டிக்கொள்ளலாம். வேலை அனுமதி அட்டையை வைக்கும் உறையிலேயே ஒரு சீட்டை வைக்கலாம். தங்குவிடுதியில் இரவில் உதவப்போவது அறைத்தோழன்தான், அதனால் சீட்டில் ஆங்கிலத்தோடு தமிழிலும் எழுதுங்கள், அறையில் வங்காளதேசத் தோழர்கள் இருந்தால் வங்காளத்திலும்.

இவர்களில் பலர் சர்க்கரை நோயை மறைக்கிறார்கள். நிறுவனத்துக்குத் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். கடன் வாங்கி வந்தவனிடம் "தைரியமாகச் சொல்" என்று சொல்வது எனக்குச் சுலபம், அவனுக்குச் சுலபமில்லை. அதனால் குறைந்தது அறையில் ஒருவனிடமாவது சொல்லி வை என்றுதான் நான் கேட்டுக்கொள்கிறேன்.

தெம்பனிஸ்_கல்லூரி_மாணவன்

எனக்கு டைப் 1 நீரிழிவு. இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4.0 மில்லிமோலுக்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். இன்னும் இறங்கினால் யாராவது உதவ வந்தாலும் கோபமாகத் தள்ளிவிடுவேன். இரவு நேரத்தில் பார்ப்பவர்கள் குடித்திருக்கிறான் என்று விலகிப் போகிறார்கள். அதற்காகவே காப்புப் போடுகிறேன். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் சர்க்கரைத் தண்ணீரோ இனிப்புப் பானமோ கொடுக்கலாம். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 995ஐ அழைக்க வேண்டும். எல்லாரும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மலர்விழி அக்காவின் அம்மா சொல்வதையும் நான் உணர்ந்திருக்கிறேன். பகுதிநேர வேலைக்கான நேர்முகத்தில் கேட்டவரின் கண் என் மணிக்கட்டிலேயே இருந்தது. அது வலிக்கத்தான் செய்தது.

ஈசூன்_ராஜம்மாள்

மலர்விழி, உன் அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டு.

அம்மா, நான் மாப்பிள்ளை வீட்டுக்காரி. என் மருமகளுக்கும் டைப் 1 நீரிழிவு. பெண் பார்க்கப் போனபோதே அவள் கையில் அந்தக் காப்பு இருந்தது. என்னவென்று கேட்டேன், ஒளிக்காமல் சொன்னாள். என் உறவில் சிலர் முகம் சுளித்தார்கள், இரண்டு பேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரிக்கவும் செய்தார்கள். எனக்கோ மனம் நிறைந்துவிட்டது. இந்தப் பெண் தன் உடம்பைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறாள், பொய் சொல்லி வீட்டுக்குள் வரவில்லை என்று தெரிந்தது. நோயை மறைத்துக் கல்யாணம் செய்து, பிறகு மாத்திரைப் பெட்டியைக் கட்டிலடியில் ஒளித்து வைத்த பெண்களை என் குடும்பத்திலேயே பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்கள் பட்ட பாடு உங்கள் மகளுக்கு வேண்டாம். காப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் குடும்பம், அவள் காய்ச்சலில் கிடக்கும்போது கூட இருக்கப்போவதில்லை. அது முன்னாலேயே தெரிவது நல்லதுதானே, அம்மா?

பத்மா_ஓய்வுபெற்ற_தாதி

ராஜம்மாள் அக்கா, உங்களுக்கு என் வணக்கம்.

மலர், அம்மாவிடம் இதையும் சொல். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் டர்லாக் என்ற ஊரில் மருத்துவர் மரியன் காலின்ஸ் என்பவரின் மகளுக்கு 1953இல் விரலில் காயம். வில்வாத (டெட்டனஸ்) தடுப்பு ஊசிக்கு முன் செய்த சிறு பரிசோதனையிலேயே கடும் ஒவ்வாமை ஏற்பட்டு உயிர் போகும் நிலை. பிழைத்தாள். அதன் பிறகு அவளை வெளியே அனுப்பும்போது பெற்றோர் எச்சரிக்கையைக் காகிதத்தில் எழுதிக் கட்டிவிட்டார்கள். பிற்பாடு அதுவே வெள்ளிக் காப்பாகி, அந்தத் தம்பதியர் 1956இல் மெடிக்அலர்ட் அறநிறுவனத்தைத் தொடங்கினார்கள். பெற்ற மகளைத் தனியே அனுப்பப் பயந்த அப்பாவும் அம்மாவும் செய்த வேலை இது. இங்கேயும் சிங்கப்பூர் மருத்துவச் சங்கத்தின் 'மெடிக் அவாஸ்' என்ற மருத்துவ எச்சரிக்கைத் திட்டம் இருந்திருக்கிறது. அந்த அட்டையோடு வந்த நோயாளிகளை நானே பார்த்திருக்கிறேன்.

மலர்விழி_செங்காங்

எல்லாருக்கும் நன்றி. ராஜம்மாள் அம்மா எழுதியதை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். உடனே சம்மதிக்கவில்லை. ஆனால் "அந்த அம்மாவோடு பேச முடியுமா?" என்று கேட்டார். உங்களுக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறேன், அம்மா.

அலுவலகத்துக்கும் வெளியிடங்களுக்கும் இப்போதே அணியத் தீர்மானித்துவிட்டேன். ஆங்கிலத்தில் பொறிக்கப் போவதை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

முன்பக்கம்: அட்ரீனல் இன்சஃபிஷியன்சி. ஸ்டீராய்டு டிபென்டன்ட்.
பின்பக்கம்: லூப்பஸ். பிரட்னிசலோன் 5 எம்ஜி டெய்லி. எமர்ஜென்சி ஹைட்ரோகார்ட்டிசோன் 100 எம்ஜி. பெயர். அப்பாவின் எண்.

பத்மா_ஓய்வுபெற்ற_தாதி

முன்பக்கம் அருமை. பின்பக்கத்தில் லூப்பஸையும் பிரட்னிசலோன் அளவையும் எடுத்துவிடு. அந்த அளவு அடுத்த மருத்துவர் சந்திப்பிலேயே மாறலாம். மாறும் விவரங்களெல்லாம் தொலைபேசியிலும் பணப்பையில் வைக்கும் அட்டையிலும் இருக்கட்டும். ஹைட்ரோகார்ட்டிசோன் வரியைப் பின்பக்கத்தின் முதல் வரியாகக் கொண்டு வந்து, 'ஐவி ஆர் ஐஎம்' என்று சேர், நரம்பு கிடைக்காவிட்டால் தசையில் போடலாம் என்பது புரியும். இறுதி வரிகளை உன் மருத்துவரிடமும் காட்டிவிடு. அப்பா வேலை நேரத்தில் தொலைபேசியை எடுப்பாரா?

மலர்விழி_செங்காங்

அப்பா பேருந்து ஓட்டுநர், வேலையில் எடுக்க முடியாது. அக்காவின் எண்ணைப் போடுகிறேன்.

சிராங்கூன்_சாலை_நகைத்தொழிலாளி

கடைக்கு வரும்போது எழுத வேண்டியதைப் பெரிய எழுத்தில் காகிதத்தில் அச்சிட்டுக் கொண்டு வாருங்கள். மருந்துப் பெயர்களை வாயால் சொன்னால் எழுத்து மாறிவிடும், வெட்டிய பிறகு அழிக்க முடியாது. அம்மாவையும் அழைத்து வாருங்கள், எந்தச் சங்கிலி பொருந்தும் என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். எம்ஆர்ஐ எடுக்கும்போது கழற்ற வேண்டியிருக்கும், அதனால் ஒரு கையாலேயே திறக்கக்கூடிய கொக்கியாகப் போட்டுத் தருகிறேன்.